சேற்றைக் கிளறுவதற்கு முன்: அலையாத்திக் காட்டில் கனஉலோகங்கள்

கேள்வி: எங்கள் நகரத்தின் விளிம்பில், கழிமுகத்தை ஒட்டி, ஒரு சிறிய அலையாத்திக் காடு இருக்கிறது. நகரின் மழைநீர்க் கால்வாய் ஒன்று அதற்குள்தான் வந்து விழுகிறது. சேறு கறுத்து, அழுகிய முட்டையைப் போல நாறுவதால், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் கால்வாய் வாயருகே மண்வெட்டியால் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் வந்த முடிவு இது: நிக்கல் 58, குரோமியம் 95, காரீயம் 72, துத்தநாகம் 310, செம்பு 96, பாதரசம் 0.6, காட்மியம் 0.9. நிக்கலுக்குச் சிவப்பும் காட்மியத்துக்குப் பச்சையும் மற்றவற்றுக்கு மஞ்சளும் குறித்திருக்கிறார்கள். சேற்றை முழுவதும் தூர்வாரி அகற்றக் கோரி மனு தயாரித்திருக்கிறோம். தூர்வாரிய பிறகு கன்றுகளை நட்டால் மிச்ச உலோகத்தை மரங்கள் உறிஞ்சிவிடுமா? அங்கே பிடிக்கும் நண்டையும் மட்டியையும் உண்ணலாமா?
— பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்:

அன்புள்ள அம்மா,

மனுவை இப்போது அனுப்ப வேண்டாம். உங்கள் அக்கறையில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபடியே அந்தச் சேற்றை வாரி எடுத்தால், இன்று ஓரளவு கட்டுண்டு கிடக்கும் உலோகங்களை நாமே அவிழ்த்துவிட்டவர்கள் ஆகிவிடுவோம் என்பதால் சொல்கிறேன். அறிக்கையின் நிறங்களும் உங்களைத் தவறான திசையில் அழைத்துச் சென்றிருக்கின்றன. சிவப்பு விழுந்த நிக்கல்தான் அந்தப் பட்டியலில் என்னை மிகக் குறைவாகக் கவலைப்படுத்துகிறது. பச்சை விழுந்த காட்மியமும் மஞ்சள் விழுந்த பாதரசமும்தான் என்னைத் திரும்பப் படிக்க வைத்தன.

முதலில் அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் மனு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. ஏற்றத்தின்போது நீரில் மூழ்கியும் வற்றத்தின்போது ஈரம் உலராமலும் இருக்கும் அலையாத்திச் சேற்றில், மேற்பரப்பிலிருந்து ஒரு சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் தாராளமாகக் கரைந்திருக்கும் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி உதிர்ந்த இலைகளையும் வேர்களையும் சிதைக்கின்றன. அந்தச் சிதைவின் கழிவாக வருவதே சல்ஃபைடு. எந்த மாசும் எட்டாத அலையாத்திக் காட்டின் சேறும் கறுப்பாகத்தான் இருக்கும், கிளறினால் நாறத்தான் செய்யும். கழிவுநீர் சேர்ந்தால் இரண்டும் கூடும் என்பது உண்மை. ஆனால் கறுப்பும் நாற்றமும் மட்டுமே மாசுக்குச் சான்றாகிவிடா.

இந்தச் சல்ஃபைடுதான் அந்தக் காட்டின் காவற்காரன். கால்வாய் நீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்களின் மேல் உலோகங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. உப்புநீரைத் தொட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கனத்துவிடுகின்றன. தாங்குவேர்களும் மூச்சுவேர்களும் நீரின் வேகத்தைக் குறைக்க, அவை அங்கேயே படிகின்றன. படிந்தபின் காரீயம், செம்பு, துத்தநாகம், காட்மியம், பாதரசம் ஆகியவை சல்ஃபைடுடன் சேர்ந்து, நீரில் எளிதில் கரையாத சேர்மங்களாக மாறுகின்றன. குரோமியம் மட்டும் வேறு வழியில் செல்கிறது: நச்சு மிகுந்த ஆறிணைதிற வடிவிலிருந்து அவ்வளவு நச்சில்லாத மூவிணைதிற வடிவுக்கு மாறி, ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுகிறது. ஆகவே ஒரு கிலோ சேற்றில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்ற எண், அந்த உலோகத்தில் எவ்வளவு உயிர்களுக்குள் போகக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஆய்வகம் வலிய அமிலத்தில் கரைத்து மொத்தத்தை அளக்கிறது. நண்டின் வயிற்றில் அந்த அமிலம் இல்லை.

இப்போது நிறங்களுக்கு வருகிறேன். உங்கள் அறிக்கை அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட இரு எல்லைகளைப் பின்பற்றியிருக்கிறது என்று எண்களைப் பார்த்தாலே தெரிகிறது. கீழ் எல்லைக்குள் இருந்தால் சேற்றில் வாழும் சிற்றுயிர்களுக்குப் பாதிப்பு அரிது, மேல் எல்லையைத் தாண்டினால் பாதிப்பு அடிக்கடி காணப்படும் என்பது அவற்றின் பொருள். நிக்கலுக்கு அந்த எல்லைகள் 20.9, 51.6, உங்களுடையது 58, எனவே சிவப்பு. ஆனால் களிமண் பாறைகளில் இயற்கையாக இருக்கும் நிக்கலின் உலகச் சராசரி என்று 1961 முதல் மேற்கோள் காட்டப்படும் எண்ணே 68. அதாவது எந்த ஆலையும் தொடாத பாறையின் தூளை எடுத்துப் போய்க் கொடுத்தாலும் அந்த ஆய்வகம் சிவப்பு குத்தும்! குரோமியத்தின் கதையும் ஏறத்தாழ இதுதான்: பாறைச் சராசரி 90, உங்களுடையது 95. அதே பாறைச் சராசரியுடன் மற்றவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். காரீயம் 20 இருக்க வேண்டிய இடத்தில் 72, துத்தநாகம் 95-க்கு 310, செம்பு 45-க்கு 96, காட்மியம் 0.3-க்கு 0.9. பச்சையில் இருக்கும் காட்மியம் மூன்று மடங்கு மிகுந்திருக்கிறது. சிவப்பில் இருக்கும் நிக்கல் சராசரியையே எட்டவில்லை. உங்கள் பகுதியின் பாறை இந்தச் சராசரியிலிருந்து விலகியிருக்கலாம் என்பதால் இதையும் முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. அதைத் தீர்க்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நிக்கல், பாதரசம் ஆகிய இரண்டுக்கும் தாங்கள் தந்த எல்லைகளின் நம்பகம் குறைவு என்று அவற்றை வகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். மேலும், அந்த எல்லைகள் சேற்றுயிர்களுக்கு நேரும் நேரடிப் பாதிப்பை வைத்து வகுக்கப்பட்டவை. ஓர் உலோகம் உணவுச் சங்கிலியில் படிப்படியாகப் பெருகி மீனுக்கும் பறவைக்கும் மனிதருக்கும் போவதை அவை கணக்கில் கொள்ளவில்லை. அப்படிப் பெருகுவதில் பாதரசத்துக்கு இணையான உலோகம் உங்கள் பட்டியலில் இல்லை.

பாதரசத்தைப் பொறுத்தவரை அந்தக் காவற்காரனுக்கு இரண்டு முகம். சல்ஃபைடை உண்டாக்கிப் பாதரசத்தைக் கட்டிப் போடும் அதே வகைப் பாக்டீரியாக்களில் பல, கரைந்த நிலையில் கிடைக்கும் சிறு பங்கை மெத்தில் பாதரசம் என்ற நச்சு மிகுந்த கரிம வடிவமாக மாற்றவும் செய்கின்றன. அதற்குக் காரணமான இரு மரபணுக்கள் 2013-இல் கண்டறியப்பட்டன. சேற்றில் மெத்தில் வடிவம் மொத்தப் பாதரசத்தில் பெரும்பாலும் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேல் போவதில்லை. ஆனால் புழுவிலிருந்து சிறு மீனுக்கும் அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறும்போது இந்த வடிவம்தான் தங்குகிறது. இரை தேடி உண்ணும் பெரிய மீன்களின் தசையில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில் பாதரசமே. ஆகவே 0.6 என்ற எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மஞ்சள்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். அங்குள்ள மீனிலும் நண்டிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். சேற்றை மட்டும் அளந்து பாதரசத்தைப் பற்றி முடிவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தூர்வாரினால் என்ன ஆகும்? கருஞ்சேறு காற்றைச் சந்தித்த சில மணி நேரத்தில் அதிலுள்ள இரும்புச் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். பைரைட் எனப்படும் உறுதியான வடிவம் சில நாட்களிலோ வாரங்களிலோ அதைத் தொடரும். அப்போது உருவாவது கந்தக அமிலம். கரையில் குவித்து உலரவிட்ட அலையாத்திச் சேற்றின் பிஹெச் அளவு 4-க்கும் கீழே இறங்குவது அரிதான செய்தி அல்ல. அலையாத்திக் காடுகளை வெட்டி இறால் பண்ணைக் குளங்கள் தோண்டிய பல இடங்களில் கரைமண் அமிலமாகிக் குளங்கள் கெட்டது இப்படித்தான். அமிலம் கூடக் கூட உலோகங்கள் கரைகின்றன. உங்கள் பட்டியலில் முதலில் வெளியேறக் கூடியவை காட்மியமும் துத்தநாகமும். அதிலும் காட்மியம் உப்புநீரிலுள்ள குளோரைடுடன் சேர்ந்து கரைந்த நிலையிலேயே நின்றுவிடும். மறுபடி எளிதில் படியாது. அடுத்த மழையில் அது மீண்டும் கழிக்குத்தான் வரும், இம்முறை கட்டவிழ்ந்த நிலையில்.

மாசுபட்ட வண்டலை ஒருபோதும் தூர்வாரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தூர்வாரினார்கள். அது அலையாத்திக் காடு அல்ல என்றாலும், அந்த வேலையின் ஒழுங்கு நமக்குப் பாடம். ஆலைக் கழிவிலிருந்து மீன் வழியே மக்களுக்கு வந்த பாதரச நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-இல். கழிவை உண்டாக்கிய உற்பத்தி நின்றது 1968-இல். தூர்வாரும் பணி தொடங்கியது 1977-இல். முடிய 1990 ஆனது. கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த வண்டலையே அவர்கள் குறிவைத்தார்கள். ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் வண்டலைக் கையாண்டு, 58 எக்டேர் நிலத்துக்குக் கீழே அடைத்து மூடினார்கள். மீன்கள் வெளியேறாதபடி விரிகுடாவின் வாயில் கட்டிய வலை 1997 வரை அங்கேயே இருந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊற்றுக்கண்ணை அடைத்தார்கள், தூர்வாருவது பிறகு வந்தது. உங்கள் இடத்தில் கால்வாய் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது; பாதரசமோ 25 அல்ல, 0.6. இந்த நிலையில் வாரினால் காடு போகும், கட்டு அவிழும், சில ஆண்டுகளில் அதே எண்கள் திரும்பி வரும்.

கன்றுகளைப் பற்றிக் கேட்டீர்கள். மரம் உறிஞ்சிவிடும் என்பது கேட்க இனிய நம்பிக்கை, ஆனால் உலோகக் கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. பிரேசிலின் செபெட்டிபா விரிகுடாவில், துத்தநாக உருக்காலைக் கழிவால் மாசுபட்ட கரையோர அலையாத்திகளை ஆராய்ந்தபோது, உலோகத்தின் மிகப் பெரும்பகுதி சேற்றிலும் மிகச் சிறிய பங்கு மட்டுமே மரத்திலும் இருப்பதையே கண்டார்கள். அலையாத்தி மரம் உலோகத்தைத் தேடிக் குடிப்பதில்லை, கூடியவரை வெளியிலேயே நிறுத்தப் பார்க்கிறது. தன் வேர்கள் வழியே அது கசியவிடும் ஆக்சிஜனால் வேரைச் சுற்றித் துருநிற இரும்புப் படலம் ஒன்று உருவாகி, பல உலோகங்களை அங்கேயே பிடித்து வைக்கிறது. காரீயம் பெரும்பாலும் வேரைத் தாண்டுவதில்லை. செம்பும் துத்தநாகமும் மரத்துக்குச் சிறிதளவு தேவையான சத்துகள் என்பதால் ஓரளவு மேலே ஏறுகின்றன. வெண்கண்டல் மரம் உப்பைக் கசியவிடும் இலைச் சுரப்பிகள் வழியே துத்தநாகத்தையும் சிறிது வெளியேற்றுகிறது. அப்படி ஏறியது இலையோடு உதிர்ந்து, இலை தின்னும் நண்டுக்குப் போகிறது. உறிஞ்சிய உலோகத்தை அப்புறப்படுத்த வேண்டுமானால் மரத்தை வேரோடு பிடுங்கி எடுத்துச் செல்ல வேண்டும். சேறு கலங்குமே என்று தூர்வார வேண்டாம் என்கிற நான் அதற்கு எப்படிச் சம்மதிப்பேன்? வெறுமையான இடங்களில் அந்தக் கரைக்கு உரிய கன்றுகளை நடுவது நல்லதே, ஆனால் வேறொரு காரணத்துக்காக: வேர்கள் சேற்றை அரிப்பிலிருந்து காக்கும், நிழல் அதை உலராமல் வைத்திருக்கும், புதைந்தது புதைந்தபடியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: இலை பச்சையாக இருப்பதை வைத்துச் சேறு சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அலையாத்திகள் கணிசமான உலோகத்தைத் தாங்கியும் செழிப்பாகவே தோன்றும்.

உணவைப் பற்றி. முதலில் மட்டி. நீரை வடிகட்டி உண்ணும் மட்டியும் சிப்பியும் துகளோடு உலோகத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. கால்வாயின் கழிவுநீர்க் கிருமிகளையும் கூடவே சேர்க்கின்றன. உலோகத்துக்கு முன்பே அந்தக் கிருமிகளுக்காகவே, கால்வாய் வாயருகே எடுத்த மட்டியை உண்ண வேண்டாம் என்பேன். நண்டில் காட்மியம் கால்களின் வெண்சதையில் அவ்வளவாகச் சேர்வதில்லை, ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள்நிறச் செரிமானச் சுரப்பியில்தான் மிகுதியாகச் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையான கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் என்பதும் வெண்சதைக்கு மட்டுமே பொருந்துவது. சோதனை முடிவு வரும்வரை அந்தச் சுரப்பியை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் உண்பது அறிவுடைமை. மீனில் மெத்தில் பாதரசத்துக்கு, உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் அமைத்த கூட்டு நிபுணர் குழு 2003-இல் வகுத்த அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 மைக்ரோகிராம், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ள மீனானால் வாரத்துக்கு 190 கிராமோடு எல்லை எட்டிவிடும். அந்த அளவு வயிற்றிலுள்ள குழந்தையைக் காக்கும் நோக்கில் வகுக்கப்பட்டது என்பதால் கருவுற்றவர்கள் அதை மீறக் கூடாது. சமைப்பதால் பாதரசமோ காட்மியமோ போய்விடாது. காரீயத்துக்கு அதே குழு 2010-இல் தன் பழைய பாதுகாப்பு அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அச்சமின்றி உண்ணலாம் என்று சொல்லக்கூடிய அளவு எதையும் வகுக்க முடியவில்லை என்பதே காரணம். மீனிலோ நண்டிலோ ஆர்சனிக் என்று நாளை ஓர் அறிக்கை உங்களைப் பயமுறுத்தினால், அது கரிம வடிவமா கனிம வடிவமா என்று கேளுங்கள். கடலுணவில் பெரும்பாலும் இருப்பது அவ்வளவாகத் தீங்கு செய்யாத கரிம வடிவம்.

இனி, செய்ய வேண்டியது. ஒரே மாதிரி, அதுவும் மண்வெட்டியால், அதுவும் கால்வாயின் வாயில்: இதை வைத்துக் காட்டின் நிலையைச் சொல்ல முடியாது. துருப்பிடிக்காத எஃகில் பொதுவாக 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். நான் இத்துறைக்கு வந்த புதிதில், குரோமியம் பூசிய பளபளப்பான குழாய் ஒன்றால் மாதிரி எடுத்து, ஓர் அடுக்கில் மட்டும் குரோமியம் எக்கச்சக்கமாக இருப்பதைக் கண்டு, அந்த ஆண்டில் அந்த ஊரில் என்ன ஆலை வந்தது என்று இரண்டு மாதம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் குழாயின் உட்புறத்தில் ஒரு கீறல் கிடைத்தது.

பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அரை மீட்டருக்குக் குறையாமல் இறக்கி, குறைந்தது ஐந்து இடங்களில், ஒன்று கால்வாயிலிருந்து மிகத் தொலைவிலுமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அடுக்கடுக்காக வெட்டி, 63 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களைத் தனியே பிரித்து, உலோகங்களோடு அலுமினியத்தையும் அளக்கச் செய்ய வேண்டும். களிமண் கூடினால் இயற்கை உலோகமும் கூடும். களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் அந்த ஏமாற்று நீங்கும். பாதரசத்துக்கான பகுதியை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்தக் கூடாது, ஆவியாகிவிடும். மிக ஆழத்து அடுக்கிலும் நிக்கல் 55-க்கு மேல் இருக்குமானால், சிவப்பு நிறம் உங்கள் மலைகள் தந்தது என்று விட்டுவிடலாம். காரீயம் நடு அடுக்குகளில் உச்சம் தொட்டு மேலே குறைந்திருந்தால், அது பெரும்பாலும் பழைய பெட்ரோலின் எச்சம்: 1920-களில் பெட்ரோலில் சேரத் தொடங்கிய காரீயம், கடைசி நாடும் 2021-இல் கைவிடும்வரை ஊர்தோறும் படிந்தது. மேல் அடுக்கில்தான் அதிகம் என்றால் இன்றும் யாரோ பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிக்கொண்டிருக்கக்கூடும். நண்டு வளைகள் அடுக்குகளைக் கலக்கிவிடும் என்பதால் ஒரே குழாயை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

துத்தநாகமும் செம்பும் சாலையிலிருந்து வருபவை என்றே நினைக்கிறேன். டயர் ரப்பரில் எடையில் ஓரிரு விழுக்காடு துத்தநாகம் இருக்கிறது. துத்தநாகம் பூசிய கூரைத் தகடுகளும் மழைக்கு அதைக் கொடுக்கின்றன. செம்பு பிரேக் பட்டைகளின் தேய்மானத்தில் வருகிறது. இதற்காகவே கலிபோர்னியா மாநிலம் 2010-இல் சட்டம் இயற்றி, பட்டைகளில் செம்பின் அளவை 2021-க்குள் 5 விழுக்காட்டுக்கும் 2025-க்குள் 0.5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரச் சொன்னது. அருகில் படகு பழுதுபார்க்கும் இடம் இருந்தால் அதையும் பார்த்து வாருங்கள்: படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு மிகுதி, பழைய பூச்சைச் சுரண்டிய தூள் கரையிலேயே கிடக்கும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேர நீர்தான் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் கழுவிக் கொண்டுவருகிறது. அந்த நீரை ஒருமுறை பிடித்துச் சோதியுங்கள்.

ஆகவே மனுவைக் கிழிக்க வேண்டியதில்லை, கோரிக்கையை மாற்றினால் போதும். 'சேற்றைத் தூர்வாரி அகற்ற வேண்டும்' என்ற வரிக்குப் பதிலாக, 'கால்வாய் நீர் காட்டுக்குள் விழுவதற்கு முன், காட்டுக்கு வெளியே ஒரு படிவுத் தொட்டி கட்டி, அதில் தேங்கும் வண்டலைக் குறித்த காலத்தில் அகற்றிப் பாதுகாப்பாக அடைக்க வேண்டும். கால்வாயில் கழிவு சேர்க்கும் தொழிற்கூடங்களைக் கண்டறிந்து நிறுத்த வேண்டும். காட்டுக்குள் தோண்டுதல், கரையமைத்தல், நீரோட்டத்தை மறித்தல் எதுவும் கூடாது' என்று எழுதுங்கள். தொட்டியில் வாரும் வண்டல் புதிதாக வந்து விழுந்தது, வேர்களுக்கு வெளியே இருப்பது; அதை அள்ளினால் காட்டின் கட்டு கலையாது. அடுத்த அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள்; எந்த எண் எந்த ஆழத்து அடுக்கினுடையது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.